டிக்கியைத் திறக்கச் சொன்னால்: அமெரிக்காவில் வாரண்ட் இல்லாத கார் சோதனை

நியூஜெர்சியில் ஒரு வீட்டு விருந்து. நண்பர் ஒருவரின் மகனைக் கல்லூரியிலிருந்து வரும் வழியில் போலீஸ் நிறுத்தி, காரைச் சோதனை போட்டுவிட்டு அனுப்பியிருந்தார்கள். பேச்சு அதைச் சுற்றியே ஓடியது. “வாரண்ட் இல்லாம காரைத் தொடவே கூடாது, கேஸ் போட்டா நஷ்ட ஈடே வாங்கலாம்” என்றார் ஒருவர். “அதெல்லாம் படத்துல. ரோட்டுல போலீஸ் வெச்சதுதான் சட்டம்” என்றார் இன்னொருவர். பிரியாணி ஆறிப்போகும் வரை இரண்டு பேரும் விடவில்லை.

இரண்டு பேர் சொன்னதும் தவறு. அமெரிக்காவில் ரோட்டில் போகும் காரைச் சோதிக்கப் பெரும்பாலும் வாரண்ட் தேவையில்லை. ஆனால் காரணம் தேவை. வாரண்ட் வாங்குவதில் மட்டும்தான் போலீசுக்கு விலக்கு. காரணம் வைத்திருப்பதில் விலக்கு கிடையாது. இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் மீதிக் குழப்பம் தானாக விலகும். அதற்கு முதலில் நம் வீட்டு அடுப்படிக்குப் போய் வரலாம்.

## அதிரசமும் பாட்டியும்

தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கிறது. அம்மா அதிரசம் சுட்டுத் தூக்குவாளியில் அடுக்கி வைத்திருக்கிறார். அந்த வீட்டில் ஒரு வழக்கம்: பிள்ளைகளின் பையை யாரும் நினைத்தபோது துழாவக் கூடாது. துழாவ வேண்டுமென்றால் முதலில் பாட்டியிடம் போய், யார் பை, எதைத் தேடப்போகிறாய், ஏன் சந்தேகம் என்று சொல்ல வேண்டும். பாட்டி கேட்டுவிட்டுத் தலையாட்டினால்தான் பார்க்கலாம். அம்மாவே முடிவு செய்துகொண்டால் என்ன? அம்மா அதிரசம் காணாமல் போன கோபத்தில் இருக்கிறார். பாட்டிக்கு அந்தக் கோபம் இல்லை.

பாட்டியின் அந்தத் தலையாட்டல்தான் வாரண்ட். அதாவது இந்த இடத்தில் இந்தப் பொருளைத் தேடலாம் என்று, வழக்கில் சம்பந்தப்படாத ஒரு நீதிபதி முன்கூட்டியே எழுத்தில் கொடுக்கும் அனுமதி.

அமெரிக்க அரசியல் சட்டத்தின் நான்காவது திருத்தம் சொல்வதும் ஏறத்தாழ இதைத்தான். மக்களின் உடல், வீடு, காகிதங்கள், உடைமைகள் ஆகியவற்றை நியாயமில்லாமல் சோதிக்கவோ பறிக்கவோ கூடாது. நம்பத்தகுந்த காரணம் இல்லாமல் வாரண்ட் கொடுக்கக் கூடாது. எந்த இடம், எந்தப் பொருள் என்று வாரண்டில் குறிப்பாக எழுத வேண்டும். 1791-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பின்னால் பழைய கசப்பு ஒன்று உண்டு. பிரிட்டிஷ் ஆட்சியில் சுங்க அதிகாரிகளிடம் ஒரு பொது ஆணை இருந்தது. அதைக் காட்டி யார் வீட்டிலும் புகுந்து கடத்தல் சரக்கு தேடலாம். பாஸ்டனில் ஜேம்ஸ் ஓட்டிஸ் என்ற வழக்கறிஞர் 1761-இல் அதை எதிர்த்து மணிக்கணக்கில் வாதாடினார். வழக்கில் தோற்றார். ஆனால் அந்தக் கோபம் முப்பது வருடம் கழித்துச் சட்டமாக வந்து உட்கார்ந்தது.

சரி, இப்போது வேறொரு காலை. ஸ்கூல் வேன் வாசலில் ஹாரன் அடிக்கிறது. பையன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். சட்டைக் காலரில் வெல்லப்பாகு. தூக்குவாளியின் மூடி திறந்து கிடக்கிறது. பாட்டி குளித்துக்கொண்டிருக்கிறார். பாட்டி வரும் வரை காத்திருந்தால் வேன் போய்விடும், அதிரசம் இன்டர்வெல்லில் தீர்ந்துவிடும். அம்மா பையைப் பிடித்து அங்கேயே திறந்து பார்க்கிறார். சாயங்காலம் பாட்டி கேட்பார்: “எதை வெச்சு அவன் பையைத் திறந்த?” வெல்லப்பாகு, திறந்த மூடி என்று சொன்னால் பாட்டி ஒத்துக்கொள்வார். “அவன் முழியே சரியில்லை” என்று மட்டும் சொன்னால் அம்மாவுக்குத்தான் திட்டு.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: வழக்கமாக அனுமதி முதலில், சோதனை பிறகு. வண்டி என்றால் சோதனை முதலில், கேள்வி பிறகு. ஆனால் இரண்டிலும் பாட்டி எதிர்பார்க்கும் காரணத்தின் கனம் ஒன்றே.

## சீட்டுக்குள் 68 பாட்டில்

இந்த ஏற்பாட்டுக்குச் சட்டத்தில் பெயர் வாகன விதிவிலக்கு. அது பிறந்தது மதுவிலக்குக் காலத்தில்.

1921 செப்டம்பர். மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரத்தில் மதுவிலக்கு அதிகாரிகள் வாடிக்கையாளர்கள் போல நடித்து ஒரு அறையில் காத்திருந்தார்கள். ஜார்ஜ் கேரல், ஜான் கீரோ உட்பட மூன்று பேர் வந்து, ஒரு பெட்டி விஸ்கி 130 டாலர் என்று மூன்று பெட்டிக்கு விலை பேசினார்கள். சரக்கு வரவில்லை, பேரம் அத்தோடு நின்றது. ஆனால் அவர்கள் வந்த ஓல்ட்ஸ்மொபில் கார் அதிகாரிகளின் மனதில் பதிந்துவிட்டது. சில நாள் கழித்து அதே கார் டெட்ராய்ட் திசையில் போவதைப் பார்த்துப் பின்தொடர்ந்தார்கள், வழியில் தவறவிட்டார்கள். டெட்ராய்ட்டுக்கு எதிர்க்கரை கனடா. அந்தக் காலத்தில் கள்ளச் சரக்கு உள்ளே வரும் முக்கிய வாசல்களில் அதுவும் ஒன்று.

டிசம்பர் 15 அன்று அதே கார் டெட்ராய்ட் பக்கமிருந்து எதிரே வந்தது. அதிகாரிகள் வண்டியைத் திருப்பிக்கொண்டு துரத்தி நிறுத்தினார்கள். கேரல், சரக்கை எடுத்துக்கொள்ளுங்கள், இந்த ஒரு தடவை விட்டுவிடுங்கள், கவனித்துக்கொள்கிறோம் என்ற தோரணையில் பேசி நோட்டுச் சுருளை எடுத்ததாகத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. (ஊர் எதுவானாலும் அந்த வசனம் மாறுவதில்லை.) ஒரு அதிகாரி சீட்டின் முதுகுப் பக்கத்தைத் தட்டிப் பார்த்தார். பஞ்சு வைத்த சீட்டு அவ்வளவு கெட்டியாக இருக்காது. கிழித்தார்கள். உள்ளே விஸ்கியும் ஜின்னுமாக 68 பாட்டில்கள்.

வாரண்ட் இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1925-இல் தலைமை நீதிபதி வில்லியம் டாஃப்ட் எழுதிய தீர்ப்பு அதிகாரிகளின் பக்கம் நின்றது. அவர் சொன்னதன் சாரம்: வீடு இருந்த இடத்திலேயே இருக்கும். கார் அப்படியில்லை, வாரண்ட் வாங்கி வருவதற்குள் எல்லை தாண்டிவிடும். நாட்டின் முதல் நாடாளுமன்றமே 1789-இல் சுங்க அதிகாரிகள் கப்பல்களை வாரண்ட் இல்லாமல் சோதிக்க அனுமதித்திருக்கிறது.

தீர்ப்பில் பலர் தாண்டிப் போகும் பகுதி ஒன்று உண்டு. கிடைத்தால் கிடைக்கட்டும் என்று ரோட்டில் போகிற வருகிற காரையெல்லாம் நிறுத்திச் சோதிப்பதைச் சகிக்க முடியாது என்று அதே டாஃப்ட் அதே தீர்ப்பில் எழுதினார். கேரலின் காரைச் சோதித்தது செல்லும். ஏனென்றால் அந்த ஆட்கள், அந்தக் கார், அந்த ரோடு, முன்பு நடந்த அந்தப் பேரம் எல்லாம் சேர்ந்து ஒரு காரணமாகத் திரண்டிருந்தன. பாட்டில் கிடைத்ததால் சோதனை செல்லுபடியாகிவிடவில்லை. கிடைத்ததைக் காட்டித் தேடியதை நியாயப்படுத்த முடியாது. திறப்பதற்கு முன்னால் கையில் என்ன இருந்தது என்பதுதான் கணக்கு.

பின்னாட்களில் இரண்டாவது நியாயம் ஒன்றும் சேர்ந்தது. கார் என்பது லைசென்ஸ், பதிவு எண், இன்ஷூரன்ஸ் என்று அரசின் கண் எப்போதும் படும் பொருள். வீட்டுக்குள் இருக்கும் அந்தரங்கத்தை அதில் எதிர்பார்க்க முடியாது என்றது நீதிமன்றம். 1985-இல் வந்த கார்னி வழக்கில், உள்ளேயே படுக்கை, சமையல் வசதி கொண்ட மோட்டார் ஹோமுக்கும் இதே விதிதான் என்று சொல்லிவிட்டது.

எனக்கு உறுத்துவது 1970-இல் வந்த சேம்பர்ஸ் வழக்கு. காரை ஸ்டேஷனுக்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். ஆட்களும் கைதாகிவிட்டார்கள். அந்தக் கார் இனி எங்கே ஓடப்போகிறது? ஆனாலும் வாரண்ட் இல்லாமல் சோதித்தது செல்லும் என்றது நீதிமன்றம். பை அம்மா கையில் இருக்கிறது, வேன் போய்விட்டது, பாட்டியும் குளித்துவிட்டு வந்துவிட்டார். அப்போதும் கேட்கத் தேவையில்லை என்பது போல.

## எவ்வளவு காரணம் போதும்?

இங்கேதான் சொற்கள் குழம்புகின்றன. அதிரசத்தை வைத்தே பார்க்கலாம்.

“இவன் மேல எனக்கு எப்பவும் ஒரு கண்ணு” என்பது வெறும் ஊகம். இதை வைத்து எதுவும் செய்ய முடியாது.

மத்தியானம் அடுப்படியில் வாளி நகரும் சத்தம், உடனே பையன் வேகமாக வெளியே வருகிறான். இது காரணமுள்ள சந்தேகம்: எதனால் சந்தேகம் என்று கோர்வையாகச் சொல்லக்கூடிய நிலை. ஆளை நிறுத்தி நாலு கேள்வி கேட்கலாம், பையைத் திறக்க முடியாது. 1968-இல் டெர்ரி வழக்கில் இந்த அளவுகோல் வந்தது. கிளீவ்லண்டில் சிலர் ஒரு கடையின் கண்ணாடியைத் திரும்பத் திரும்ப எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்த துப்பறிவாளர் அவர்களை நிறுத்தி, ஆயுதம் இருக்கிறதா என்று மேலாகத் தடவிப் பார்த்தார். அந்த அளவுக்குச் சரி என்றது நீதிமன்றம்.

வாயில் எண்ணெய்ப் பளபளப்பு, காலரில் பாகு, திறந்த மூடி: இது நம்பத்தகுந்த காரணம், ஆங்கிலத்தில் பிராபபிள் காஸ். தேடும் பொருள் இந்த இடத்தில் இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று விவரமுள்ள ஒரு சாதாரண ஆள் நம்பும் அளவுக்குக் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் சேர்ந்திருப்பது. எத்தனை சதவீதம் என்று கேட்டால் நீதிமன்றம் எண் சொல்லாது. 1983-இல் கேட்ஸ் வழக்கில், ஒவ்வொரு தகவலையும் தனித்தனியாக எடை போடாமல் மொத்தச் சூழ்நிலையையும் பார்க்க வேண்டும் என்றது. பாகு மட்டும் என்றால் காலை இட்லிக்கு வெல்லம் தொட்டிருக்கலாம். மூடி மட்டும் என்றால் பூனையாக இருக்கலாம். இரண்டும் சேரும்போதுதான் விஷயம்.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டது’ என்று கோர்ட் செய்திகளில் படிக்கிறோமே, அந்தச் சந்தேகம் வேறு. அது குற்றம் நடந்ததா என்று தீர்ப்புச் சொல்பவர் மனதில் எழுவது, மாட்டியவருக்குச் சாதகம். இது போலீஸ்காரர் மனதில் ஆளைப் பற்றி எழுவது, மாட்டப்போகிறவருக்குப் பாதகம். ஒரே சொல்லை இரண்டுக்கும் போடுவதால் வரும் வினை.

சுருக்கமாக: ஊகத்துக்கு எதுவும் இல்லை, காரணமுள்ள சந்தேகத்துக்கு நிறுத்தி விசாரிக்கலாம், நம்பத்தகுந்த காரணத்துக்குக் காரைத் திறக்கலாம்.

## நிறுத்துவது வேறு, திறப்பது வேறு

சிக்னலைத் தாண்டினீர்கள், பின் விளக்கு எரியவில்லை என்றால் போலீஸ் நிறுத்தலாம். உண்மையில் வேறு எதையோ மோப்பம் பிடிக்கத்தான் நிறுத்தினார் என்றாலும் பரவாயில்லை, விதிமீறல் நிஜமாக நடந்திருந்தால் நிறுத்தியது செல்லும் என்கிறது 1996-இன் ரென் வழக்கு. ஆனால் அந்த விதிமீறல் காரைத் திறக்கக் காரணம் ஆகாது. வேகமாக ஓட்டியதற்கான சாட்சியம் டிக்கிக்குள் இருக்காதே!

எந்தத் தவறும் இல்லாமல், சும்மா லைசென்ஸ் பார்க்கிறேன் என்று ஒரு தனிக் காரை மட்டும் குத்துமதிப்பாக நிறுத்துவது 1979-இலேயே தடைபட்டுவிட்டது. சென்னையில் ராத்திரி வாகனத் தணிக்கையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்கும். குடிபோதை பார்க்கும் சோதனைச் சாவடி போன்றவை, வரும் வண்டிகளை ஒரே முறையில் நிறுத்துவதால், அனுமதிக்கப்படுகின்றன.

அபராத டிக்கெட் எழுதி முடித்த பிறகு, மோப்ப நாய் வரும் வரை இருங்கள் என்று நிறுத்திவைப்பது? 2015-இல் ரோட்ரிகெஸ் வழக்கில் தாமதம் ஏழெட்டு நிமிடம்தான். தனியாக ஒரு சந்தேகம் இல்லாவிட்டால் அதுவும் கூடாது என்றது நீதிமன்றம்.

## ஜாமெட்ரி பாக்ஸில் அதிரசம் இருக்காது

காரணம் இருக்கிறது, திறந்தாயிற்று. எதுவரை துழாவலாம்? தேடும் பொருள் எங்கெல்லாம் இருக்க முடியுமோ அங்கெல்லாம். அதிரசம் தேடுகிற அம்மா டிபன் பாக்ஸைத் திறக்கலாம், ஜாமெட்ரி பாக்ஸைத் திறக்க முடியாது. 1982-இல் ராஸ் வழக்கு இதைத்தான் சொன்னது. திருட்டு டிவியைத் தேடுகிறவர் டேஷ்போர்டு அறையைத் திறக்க முடியாது. போதைப்பொருள் என்றால், அது எந்தச் சின்னப் பையிலும் அடங்கும் என்பதால், கார் முழுக்கத் திறந்த வீடுதான்.

கூட வந்தவரின் பை? 1999-இல் ஹௌட்டன் வழக்கில் ஓட்டுநரின் சட்டைப் பையில் ஊசி தெரிந்தது. போதைக்குத்தான் என்று அவரே ஒத்துக்கொண்டார். கூட வந்த பெண் பயணி ஒருவரின் கைப்பை பின் சீட்டில் கிடந்தது, அதையும் போலீஸ் திறந்தது. செல்லும் என்றது நீதிமன்றம். ஆனால் காரில் இருந்தார் என்பதற்காக ஒருவரின் உடலைச் சோதிக்க முடியாது. அது 1948-இலிருந்தே இருக்கும் விதி.

## பல வாசல், ஒரே கார்

பேச்சில் எல்லாரும் ஒன்றாகக் கலக்கும் வேறு சில வழிகளும் உண்டு. அவற்றில் எதற்கும் நம்பத்தகுந்த காரணம் வேண்டாம், அதனாலேயே தனியாகத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது சம்மதம். 1973-இல் வந்த பஸ்டமான்டே வழக்கு, கலிபோர்னியாவில் நள்ளிரவு தாண்டி நிறுத்தப்பட்ட ஒரு கார் பற்றியது. ஒரு ஹெட்லைட்டும் நம்பர் பிளேட் விளக்கும் எரியவில்லை. பார்க்கலாமா என்று போலீஸ் கேட்டார். காரில் இருந்த ஒருவர் “ஷூர், கோ அஹெட்” என்றார். பின் சீட்டுக்கு அடியில் கசங்கிய திருட்டுக் காசோலைகள். மறுக்க உரிமை உண்டு என்று போலீஸ் முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை என்று தீர்ப்பானது. நம் ஆட்களிடம் இது ரொம்ப நடக்கும். யூனிபார்மைப் பார்த்ததும் மரியாதைக்காக “ஓகே சார்” என்று வாய் முந்திக்கொள்ளும். அந்த “ஓகே” ஒரு கையெழுத்து மாதிரி. அதற்குப் பிறகு காரணம் இருந்ததா என்ற கேள்வியே எழாது. வேண்டாம் என்று பணிவாகச் சொல்லலாம். மறுத்தார் என்பதை மட்டும் வைத்துக் காரணம் காட்டவும் முடியாது. மறுத்த பிறகும் அவர் சோதித்தால் குறுக்கே கை நீட்டாதீர்கள். மறுத்தது பதிவாகியிருந்தால் வழக்கறிஞருக்கு அது போதும்.

அடுத்தது கைது. காண்ட் என்பவரை இடைநிறுத்தப்பட்ட லைசென்ஸில் வண்டி ஓட்டியதற்காகக் கைது செய்து, விலங்கு போட்டு, போலீஸ் காரில் பூட்டிய பிறகு அவர் காரைத் துழாவிக் கொக்கெய்ன் எடுத்தார்கள். 2009-இல் நீதிமன்றம் ஏற்கவில்லை: கைதானவர் கைநீட்டி எதையாவது எடுக்கும் தூரத்தில் இருக்க வேண்டும், அல்லது எந்தக் குற்றத்துக்குக் கைதோ அதற்கான சாட்சியம் காரில் இருக்க நியாயமான வாய்ப்பு வேண்டும்.

காரைப் பறிமுதல் செய்து கொண்டுபோனால் உள்ளே இருப்பதைப் பட்டியல் போடுவது மூன்றாவது. அது உடைமைகள் காணாமல் போனதாகப் பிறகு தகராறு வராமல் இருக்க.

## கஞ்சா வாசனை

பல வருடங்களாகப் போலீசுக்குக் கைகொடுத்த காரணம் இது. ஜன்னலை இறக்கியதும் வாசனை வந்தது என்றால் போதும். மாநிலங்கள் ஒவ்வொன்றாகக் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியதும் அந்தக் காரணம் ஆட்டம் கண்டது. வாசனை இப்போது குற்றத்தைத்தான் காட்டுகிறது என்று எப்படிச் சொல்வது? வாசனை மட்டும் போதாது என்று பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் 2021-இல் சொன்னது. நியூஜெர்சி அதே வருடம் சட்டமாகவே எழுதிவிட்டது. இலினாய் 2024-இல் செய்ததுதான் வேடிக்கை: எரிந்த கஞ்சா வாசனை மட்டும் போதாது, பச்சைக் கஞ்சா வாசனை போதும் என்று ஒரே ஆண்டில் இரண்டு தீர்ப்பு. காரில் கஞ்சா கொண்டுபோவதென்றால் வாசனை வராத டப்பாவில் வைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். பச்சை வாசனை வந்தால் அந்த விதி மீறப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

இதில் கவனிக்க வேண்டியது, மேலே சொன்ன அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் குறைந்தபட்சப் பாதுகாப்பு மட்டுமே. மாநிலங்கள் கூடுதலாகக் கொடுக்கலாம். நியூஜெர்சியில் 2015-இன் விட் வழக்குக்குப் பிறகு, எதிர்பாராமல் அந்த இடத்திலேயே எழுந்த காரணமாக இருந்தால்தான் ரோட்டோரம் வாரண்ட் இல்லாமல் சோதிக்கலாம். காரை இழுத்துக்கொண்டு போய்விட்டால், வேறு அவசரம் இல்லாதவரை, வாரண்ட் வேண்டும். சம்மதம் கேட்பதற்கே காரணமுள்ள சந்தேகம் வேண்டும் என்பதும் இங்கே விதி. விருந்தில் சண்டை போட்ட இருவருக்கும் இது தெரியாது.

## தார்ப்பாய்க்கு அடியில் ஒரு பைக்

வண்டி என்றாலே வாரண்ட் வேண்டாமா? வண்டி எங்கே நிற்கிறது என்பதும் முக்கியம். வர்ஜீனியாவில் போலீசுக்கு டிமிக்கி கொடுத்துப் பறந்த ஆரஞ்சு கறுப்பு பைக் ஒன்றை அதிகாரிகள் தேடிக்கொண்டிருந்தார்கள். ஃபேஸ்புக் படம் ஒன்றில் அது ஒரு வீட்டு வளாகத்தில் நிற்பது தெரிந்தது. அதிகாரி அங்கே போனார், தார்ப்பாயால் மூடிய ஒன்றைப் பார்த்தார், வளாகத்துக்குள் நடந்து போய்த் தார்ப்பாயை விலக்கி எண்ணைச் சரிபார்த்தார். திருட்டு பைக். மறுபடி மூடிவிட்டு வந்து காத்திருந்தார்.

அவரிடம் காரணம் இருந்தது. பைக்கும் வாகனம்தான். ஆனாலும் 2018-இல் காலின்ஸ் வழக்கில் எட்டுக்கு ஒன்று என்று உச்ச நீதிமன்றம் சோதனையைத் தவறு என்றது. வீட்டை ஒட்டிய வளாகம் வீட்டின் பகுதி. வாகனம் என்ற சாவி வீட்டுக் கதவைத் திறக்காது என்று நீதிபதி சோனியா சோட்டோமயோர் தீர்ப்பு எழுதினார்.

தவறான சோதனையில் கிடைத்ததை வழக்கில் சாட்சியமாகப் பயன்படுத்த முடியாது என்பது 1961 முதல் எல்லா மாநிலங்களுக்கும் பொது விதி. பாட்டியின் மொழியில், கேட்காமல் எடுத்த அதிரசம் கணக்கில் வராது. ஆகவே பைக்கோடு மாட்டிய காலின்ஸ் தப்பித்திருப்பார் என்று நினைப்போம். வழக்கு வர்ஜீனியா உச்ச நீதிமன்றத்துக்குத் திரும்பியது. தார்ப்பாயை விலக்கிய அன்றைக்கு இருந்த சட்டத்தை நம்பி அதிகாரி நல்லெண்ணத்தோடு நடந்துகொண்டார், அதனால் சாட்சியத்தை ஒதுக்க வேண்டியதில்லை என்று 2019-இல் அந்த நீதிமன்றம் தண்டனையை அப்படியே வைத்துக்கொண்டது. நாடு முழுவதுக்கும் ஒரு விதியை வாங்கிக் கொடுத்தவருக்கு அதனால் எந்தப் பலனும் கிடைக்கவில்லை.